நிரஞ்சினியின் இல்லை

பக்கவாதம் வந்த பிறகு நிரஞ்சினிக்கு முதலில் திரும்பி வந்த சொல் ‘இல்லை’. பல மாதங்களுக்கு அது ஒன்றுதான் வந்தது.

2017 மாசி மாதம் அது நடந்தது. சுவிஸ் நாட்டில், சோலோதுர்ன் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் அவளுக்கு வேலை. படுக்கை விரிப்பு ஒன்றை மடிக்கும் இயந்திரத்துக்குள் கொடுத்துக்கொண்டிருந்தவள், துணி தன் வலது கையிலிருந்து நழுவுவதைப் பார்த்தாள். குனிந்து எடுக்கப் போனாள். அதற்குப் பின் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. கண் விழித்தபோது உடம்பின் வலது பக்கம் சொல்வழி கேட்கவில்லை. அந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் சேர்த்து வைத்திருந்த ஜெர்மன் மொத்தமாகப் போயிருந்தது. தமிழ் உள்ளே இருந்தது, வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

“தண்ணி வேணுமோ?” என்று கணவர் உருத்திரமூர்த்தி கேட்பார்.

“இல்லை” என்பாள். சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டிக் கிளாசை வாங்கிக் குடிப்பாள்.

“குளிருதோ?”

“இல்லை.” பல்லுக் கிடுகிடுக்கும்.

நாக்குக்கு வேறு சொல் அகப்படாததால்தான் அப்படி என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் விளங்கப்படுத்தினாள். கேள்வி கேட்ட பிறகு பொறுத்திருங்கள், நீங்கள் நினைப்பதைவிட நிறைய நேரம் பொறுத்திருங்கள் என்றாள். உருத்திரமூர்த்தி தலையாட்டினார். ஆனால் அவர் இயல்பிலேயே பொறுத்திருக்கிற மனிதர் அல்ல. தபால் பிரிக்கும் நிலையத்தில் பொதிகள் ஓடுகிற பட்டிக்கு முன்னால் நின்று பழகியவர். மனைவி ‘இல்லை’ என்றால் அதைச் சம்மதமாக, ‘ஓம்’ என்று எடுத்துக்கொள்ளப் பழகினார். அப்போது அது உதவியது.

கெட்டவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அவளுக்குத் தலை இழுத்துப் பின்னப் பழகினார். மீன் குழம்பு வைக்கப் பழகினார். இரவில் அவளுடைய விறைத்த காலைத் தேய்த்துவிட்டார். அதோடு அவளுக்காகப் பேசவும் பழகினார். டொக்டரிடம், கடையில், கோயிலில், போனில், எல்லா இடமும் அவர்தான். யார் அவளைப் பார்த்து என்ன கேட்டாலும், அவள் வாயைத் திறக்க முன்னமே அவருடைய குரல் வந்துவிடும்.

“அவவுக்கு ஏலாது. நான் சொல்லுறன்.”

ஒரு வருடத்தில் நிரஞ்சினிக்கு ‘ஓம்’ வந்தது. பிறகு பெயர்கள் வந்தன, சின்னச் சின்ன வசனங்கள் வந்தன. ‘இல்லை’யும் இப்போது இல்லை என்ற பொருளிலேயே வந்தது. அதை அவள் கணவருக்குத்தான் விளங்கப்படுத்த முடியவில்லை. சோறு போதும் என்று ‘இல்லை’ சொன்னால் இன்னொரு அகப்பை விழுந்தது. கோயிலுக்கு வரவில்லை என்று ‘இல்லை’ சொன்னால் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்து காலடியில் வைத்தார். அவள் சத்தம் போட்டால், “பாவம், இண்டைக்கு அவவுக்கு மனம் சரியில்லை” என்றார்.

அவர்கள் பிரான்சுக்குப் போனதெல்லாம் காரில், பாரிசுக்கு மட்டும். நிரஞ்சினியின் அண்ணன் ஸ்ரீஸ்கந்தராஜா அங்கே இருந்தார். முதல் தடவை 2009 வைகாசி முடிகிற நேரம். வன்னியில் போரின் கடைசி நாட்களில் தாய் இறந்துவிட்டார் என்ற செய்தி அண்ணனுக்கு வந்து, கிரியைக்கு ஓடினார்கள். மகள் சிவானுஜா பின் சீற்றில் நித்திரை. அழுது அழுது கண் வீங்கியிருந்த நிரஞ்சினி, பெருந்தெருவுக்கு அப்பால் ஒரு மலையும் மலை முனையில் கூரான கோபுரங்களோடு ஒரு கோட்டையும் நிற்பதைக் கண்டாள். கீழே மரங்களுக்கிடையில் ஒரு கால்வாய் மினுங்கியது.

“உதென்ன இடம்?” என்று கேட்டாள்.

“ஆருக்குத் தெரியும். வரேக்கை பாப்பம்” என்றார் அவர்.

வரும்போது மழை. அதற்குப் பிறகு அந்தத் தெருவால் கலியாணங்களுக்குப் போனார்கள், பெண் பிள்ளைகளின் சாமத்திய வீடுகளுக்குப் போனார்கள், ஒரு செத்த வீட்டுக்கும் போனார்கள். ஒவ்வொரு முறையும் அந்த மலை வந்தது. ஒவ்வொரு முறையும் நேரம் போய்விட்டிருந்தது.

2019 மாரிகாலம் முடிகிற நேரத்தில், கடையில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்த நிரஞ்சினி ஒரு பக்கத்தில் கையை ஊன்றினாள். பிரான்சின் பர்கண்டிக் கால்வாயில் ஒரு வார விடுமுறை என்ற விளம்பரம். ஒரு காலத்தில் சரக்கு ஏற்றிய இரும்புப் படகை விடுதியாக மாற்றியிருந்தார்கள். படகு கால்வாயில் மெல்லப் போகும், ஒவ்வொரு நாளும் அருகிலுள்ள இடங்களுக்கு வான் வண்டியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். படகின் படத்துக்குப் பின்னால் அந்த மலையும் அந்தக் கோட்டையும்.

சிவானுஜா பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்தாள். வேலையால் வந்து மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் தாய் அந்தப் பக்கத்தைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“போகோணுமோ அம்மா?”

“ஓம்.”

“அப்பாவோடயோ?”

நிரஞ்சினி கொஞ்சம் யோசித்தாள். “ஓம்” என்றாள், அவ்வளவு உற்சாகமில்லாமல்.

உருத்திரமூர்த்தி இதைக் கேட்டதும் கையை விரித்தார். “படகெண்டால் ஏணி இருக்கும், ஈரமிருக்கும். விழுந்தால் ஆர் பாக்கிறது? அவவுக்கு ஏலாது பிள்ளை.”

“அம்மா கேட்டது உங்களிட்ட இல்லை அப்பா. என்னட்டை” என்றாள் மகள். அன்றே இடம் பதிந்துவிட்டாள்.

ஆனி மாதம் கணவனும் மனைவியும் மட்டும் டிஜோனில் படகேறினார்கள். படகை ஓட்டியவர் சொந்தக்காரர். அவருடைய மனைவி கொலெத் சமையலையும் வானையும் சுற்றிக் காட்டுவதையும் பார்த்துக்கொண்டாள். அவள் அல்சாஸ்காரி, ஜெர்மன் பேசுவாள். வந்திருந்தவர்கள் எல்லாரும் சுவிஸ்காரர்கள், பென்ஷன் எடுத்தவர்கள். அவர்களில் பேர்னிலிருந்து வந்த கெல்லர் என்பவருக்கு எல்லாவற்றிலும் அவசரம். கோப்பிக்கும் அவசரம், பறவை பார்ப்பதற்கும் அவசரம்.

முதல் பயணம் போன் நகரத்துக்கு. அங்கே ஐந்நூறு வருடத்துக்கு மேல் பழைய ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஏழைகளுக்காகக் கட்டியது, கூரை பல நிற ஓடுகளால் வேய்ந்தது, உள்ளே நோயாளரின் கட்டில்கள் சிவப்புத் திரைகளோடு இன்னும் வரிசையாக நிற்கின்றன என்று காலைச் சாப்பாட்டில் கொலெத் சொன்னாள். கட்டில்கள் என்றதும் நிரஞ்சினி நிமிர்ந்தாள். தன் பங்குக்கு எத்தனை ஆயிரம் கட்டில் விரிப்பை மடித்தவள் அவள்.

கொலெத் வான் சாவியோடு வந்து, “நீங்கள் வருகிறீர்களா?” என்று அவளைக் கேட்டாள்.

“அவவுக்கு ஏலாது. நாங்கள் இரண்டு பேரும் இங்கேயே இருக்கிறோம்” என்று ஜெர்மனில் சொன்னார் உருத்திரமூர்த்தி.

“இல்லை!” என்றாள் நிரஞ்சினி. மேசையில் இருந்த கரண்டிகள் குலுங்கக் கையால் அடித்தாள்.

கொலெத் திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள்.

“உங்கள் ‘நைன்’தான் எங்கள் ‘இல்லை’” என்று அவர் விளக்கினார். “ஆனால் அவ சொன்னால் சம்மதம் என்று அர்த்தம். பக்கவாத வருத்தத்துக்குப் பிறகு அப்படித்தான்.”

வான் போய்விட்டது. படகின் மேல்தட்டில், சிவப்புப் பூச் சாடிகளுக்குப் பக்கத்தில் அவளை இருத்தி, தோளில் சால்வையைப் போர்த்து, தோடம்பழச் சாறு கொண்டு வந்து வைத்தார் அவர். நிரஞ்சினி கிளாசை எடுத்தாள். கைப்பிடிக் கம்பிக்கு வெளியே நீட்டி, சாறு முழுவதையும் கால்வாயில் ஊற்றினாள். பிறகு வெறுங் கிளாசை அவர் கையில் கொடுத்தாள்.

“இனிப்புக் கூடிப்போச்சோ?” என்று கேட்டார் அவர்.

மறுநாள் பயணம் ஒன்றும் இல்லை, படகு மட்டும் ஓடியது. அந்தக் கால்வாய் மலையை நோக்கி ஏறுகிறது. ஏறும் இடங்களில் இரண்டு பெரிய கதவுகளுக்கிடையே படகை அடைத்து, தண்ணீரை நிரப்பி, மேல் மட்டத்துக்குத் தூக்குவார்கள். அந்த இடத்துக்கு உருத்திரமூர்த்தி ‘கதவடி’ என்று பெயர் வைத்துவிட்டார். ஒரு கதவடி கழிந்து கொஞ்சத் தூரம் போவதற்குள் அடுத்த கதவடி வந்துவிடும். தண்ணீர் நிரம்பும்போது படகின் தட்டும் கரையும் ஒரே மட்டத்துக்கு வரும்.

ஒரு கதவடியில் அப்படி மட்டம் சரியானபோது, கணவர் தண்ணீர் பாய்வதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நிரஞ்சினி இடது கையால் கம்பியைப் பிடித்து எழுந்து, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, ஒரே எட்டில் கரையில் கால் வைத்தாள். கால்வாய்க்கரைப் பாதையில் நடக்கத் தொடங்கினாள்.

“நிரஞ்சி! எங்க போறீர்? நில்லும்!”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கால், கோல், பிறகு வலது காலை இடுப்பிலிருந்து வீசி முன்னே போடுவது. ஊரில், தெருவில், கோயிலில், கடையில் எல்லாரும் அவளைத் தாண்டித்தான் போனார்கள். யாரோடு நடந்தாலும் அவர்கள் நின்று நின்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே வீட்டில் இருக்கப் பழகியிருந்தாள். படகு அப்படி இல்லை. கதவு திறந்து, பின்னால் ஊர்ந்து வந்து, அவளைப் பிடிக்கிற நேரத்தில் அடுத்த கதவடி வந்துவிட்டது. அங்கே அது உள்ளே போய் நிரம்பும் மட்டும் அவள் நடந்தாள். மறுபடியும் அது பின்னால் வந்தது. இரும்பும் இயந்திரமுமாக அவ்வளவு பெரிய ஒன்று தன்னை முந்த முடியாமல் வருவது அவளுக்குப் பிடித்துவிட்டது.

உருத்திரமூர்த்தி மடக்குக் கதிரை ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினார். “இதில எப்பன் இரும். பேந்து நடக்கலாம்.”

“இல்லை.”

அவர் கதிரையை விரித்துப் பாதையின் நடுவில் வைத்தார். அவள் அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

வியர்த்து, மூச்சு வாங்கி, மூன்றாவது கதவடியில் அவள் நின்றபோது கொலெத் படகிலிருந்து இறங்கி வந்தாள். பக்கத்தில் நின்ற கணவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நிரஞ்சினியின் முன்னால் நின்று, ஒரு கையின் பெருவிரலை மேலே தூக்கிக் காட்டி, மறு கையின் விரலை இல்லை என்று ஆட்டிக் காட்டினாள். “நாளைக்கு வைன் நிலவறை பார்க்கப் போகிறோம். நீங்கள் வருகிறீர்களா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். உருத்திரமூர்த்தி வாயைத் திறந்தார். கொலெத் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

நிரஞ்சினி கோலைக் கணவரிடம் நீட்டினாள், கையைக் காலியாக்க. பிறகு இடது பெருவிரலை உயர்த்தினாள்.

நிலவறைக்குப் போனார்கள். இறங்கும் படிகள் ஈரமாக இருந்ததால் நேரம் பிடித்தது. மற்றவர்கள் கீழே இருட்டில் கிளாசோடு காத்து நின்றார்கள். “இப்படிப் போனால் மத்தியானச் சாப்பாடு இரவுதான்” என்று கெல்லர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். உருத்திரமூர்த்தி உடனே, “மன்னிக்க வேண்டும், மனைவிக்குச் சுகமில்லை, மன்னிக்க வேண்டும்” என்று இரண்டு தரம் சொன்னார்.

படகுக்குத் திரும்பி அறைக் கதவைச் சாத்தியதும் நிரஞ்சினி கட்டில் விளிம்பில் இருந்து அவரைப் பார்த்தாள்.

“நான்… சொல்லேல்லை” என்றாள். “மன்னிப்பு.”

“நீர் சொல்லேல்லை, நான்தான் சொன்னனான். நாலு பேரோட வந்த இடத்தில…”

“என்ர கால்.”

“உம்மட கால்தான். ஆர் இல்லையெண்டது?”

“என்ர…” சொல் வரவில்லை. கண்ணை மூடி அதைத் தேடினாள். அவர் எடுத்துக் கொடுக்கப் போனார். அவள் கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள். வெளியே தண்ணீர் படகின் வயிற்றில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒருவாறு அடக்கிக்கொண்டு நின்றார்.

“என்ர வாய்” என்றாள்.

அன்று முழுக்க உருத்திரமூர்த்தி மேல்தட்டில் தனியே இருந்து, போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கடைசியில் மகளுக்கு அடித்தார். “கொம்மா என்னோட கோவம்” என்றார். “இப்பவோ அப்பா உங்களுக்குத் தெரியுது?” என்றாள் மகள்.

கோட்டைக்குப் போன நாள் வெயில். வான் மலை மேல் ஊருக்குள் வரை போனது. அங்கிருந்து கல் பாவிய தெருவால் கொஞ்சத் தூரம் நடந்து, பாலத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். முற்றத்தில் கொலெத் எல்லாரையும் நிறுத்தினாள். மேலே உள்ள மண்டபத்துக்குக் கோபுரத்துக்குள் சுழன்று ஏறும் படிகளால்தான் போகலாம், வேறு வழி இல்லை, விரும்பாதவர்கள் கீழே கோப்பி குடிக்கலாம் என்றாள்.

“நாங்கள் கீழ நிப்பமோ?” என்று உருத்திரமூர்த்தி மனைவியைக் கேட்டார். பதிலுக்குக் காத்து நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.

“இல்லை.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அது எந்த ‘இல்லை’ என்று இன்னமும் அவருக்கு முழு நிச்சயம் இல்லை. “மேல போகோணுமோ?”

“ஓம்.”

ஏறும்போது கைப்பிடிக் கயிறு இடது பக்கம் இருந்தது. அது அவளுக்குத் தோதாகப் போயிற்று. கயிற்றைப் பிடித்து இழுத்து ஒரு படி, மூச்சு, அடுத்த படி. அவர் கோலை வைத்துக்கொண்டு பின்னால் வந்தார், விழுந்தால் தன் மேல்தான் விழ வேண்டும் என்று கைகளை விரித்தபடி. மேலே போய்ச் சேர்ந்தபோது கொலெத் தன் விளக்கத்தை முடித்து மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். மண்டபத்தில் அவர்கள் இரண்டு பேர்தான்.

தடித்த சுவரில் ஒரு சாளரம். நிரஞ்சினி அதில் சாய்ந்து நின்று வெளியே பார்த்தாள். கீழே கால்வாய், அதில் அவர்களுடைய படகு தீப்பெட்டி அளவில். அதற்கும் அப்பால் பாரிசுக்குப் போகும் பெருந்தெரு. கார்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பறந்தன. ஒன்றும் நிற்கவில்லை.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். வாய் ஒரு பக்கம் கோணி, தோள் குலுங்கச் சிரித்தாள். தெருவைக் காட்டினாள்.

“நாங்கள்” என்றாள்.

உருத்திரமூர்த்தி எட்டிப் பார்த்தார். விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. “ஓம். நாங்கள்தான்” என்றார். பிறகு, “ஒருக்காலாவது நிப்பாட்டியிருக்கலாம்” என்றார்.

“ஓம்” என்றாள் நிரஞ்சினி. அவரைச் சமாதானப்படுத்த ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை.

இறங்கும்போதுதான் கஷ்டம். ஏறும்போது இடப்பக்கம் இருந்த கயிறு இப்போது வலப்பக்கம், அதைப் பிடிக்க அவளுக்குக் கை இல்லை. “பொறும், நான் தூக்குறன்” என்றார் அவர். “இல்லை” என்றாள். அவர் தூக்கவில்லை. அவள் மேல் படியில் குந்தி இருந்தாள். சீலை உடுத்தாமல் காற்சட்டை போட்டு வந்தது நல்லதாயிற்று. இருந்தபடியே, இடது கையை ஊன்றி, உடம்பை அரக்கி ஒரு படி கீழே நகர்ந்தாள். பிறகு அடுத்தது. குழந்தைகள் மாடிப்படி இறங்குவதுபோல் ஐம்பத்தைந்து வயதுப் பெண் கோட்டையை இறங்கினாள்.

மற்றவர்கள் பின்னால் வந்து சேர்ந்துவிட்டார்கள். குறுகிய படி, தாண்டிப் போக இடமில்லை. கெல்லர் தொண்டையைச் செருமினார். “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டார்.

உருத்திரமூர்த்தி திரும்பினார். வழக்கமான சொல் அவருடைய வாய்க்கு வந்துவிட்டது. “மன்னி…” என்று தொடங்கினார். கீழேயிருந்து ஒரு கை அவருடைய காற்சட்டையைப் பிடித்து இழுத்தது.

“இல்லை” என்றாள் நிரஞ்சினி.

அந்தச் சொல் கல் சுவரில் பட்டு மேலேயும் கீழேயும் போயிற்று. அவர் வாயை மூடினார். கெல்லரை நேரே பார்த்து, “என்ரை மனைவி இறங்குகிறா. அவ இறங்கி முடிய நீங்கள் இறங்கலாம்” என்றார். அவசரத்தில் முதற் சொல் தமிழில் வந்துவிட, மீதியை ஜெர்மனில் சொன்னார். கெல்லருக்கு முகம் சிவந்தது. அவரும் நின்றார், எல்லாரும் நின்றார்கள். நிரஞ்சினி வேகப்படுத்தவில்லை. கடைசிப் படியில் எழுந்து, பின்புறத்தில் ஒட்டிய தூசியைத் தட்டி, கோலுக்காகக் கையை நீட்டினாள்.

இதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். உருத்திரமூர்த்தி இன்றைக்கும் சில வேளை அவளுக்கு முந்திப் பேசிவிடுகிறார், பேசிவிட்டு நாக்கைக் கடிக்கிறார். கொழுத்த நண்டு வாங்குவதா விடுவதா என்று கடையில் அவர்களுக்குள் சண்டை வரும். நிரஞ்சினி பேருந்தில் தனியே போய் வரத் தொடங்கினாள். ஒருமுறை தவறான பக்கம் போகும் பேருந்தில் ஏறி எங்கோ போய், பின்னேரம் ஆகி வந்து சேர்ந்தாள். வாசலில் நின்ற கணவரைக் கண்டும் அதற்கு ஒரு காரணமும் சொல்லவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் பாரிசில் அண்ணன் மகனின் கலியாணம். மாப்பிள்ளைக்கு நிரஞ்சினி சொந்த மாமி, தகப்பனின் ஒரே தங்கை. அறுகம்புல்லும் அரிசியும் கலந்த அறுகரிசியை மணமக்களின் தலையில் போட்டு வாழ்த்த முன்னுக்குப் போக வேண்டியவள். முறை வந்தபோது அண்ணன் மேடையிலிருந்து இறங்கி வந்து குனிந்து, உருத்திரமூர்த்தியின் காதோடு கதைத்தார். பக்கத்தில் இருந்த அவளுக்கும் கேட்டது.

“அத்தான், இடக்கையால போட்டால் சனம் கதைக்கும். ஐயரும் ஒரு மாதிரிப் பாப்பார். நீங்கள் ரெண்டு பேருக்குமாச் சேத்துப் போட்டுவிடுங்கோவன். அவ இதில இருக்கட்டும்.”

உருத்திரமூர்த்தி சால்வையைச் சரிசெய்தார். “என்னைக் கேளாதையுங்கோ” என்றார். “உங்கட தங்கச்சியைக் கேளுங்கோ.”

ஸ்ரீஸ்கந்தராஜா தங்கையின் பக்கம் திரும்பினார். மண்டபத்தில் மேளம் முழங்கியது, வீடியோக்காரரின் விளக்கு முகத்தில் அடித்தது. சொல் வருவதற்கு அவளுக்கு எடுத்த நேரத்தை அண்ணனால் தாங்க முடியவில்லை, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். உருத்திரமூர்த்தி எடுத்துக் கொடுக்கவில்லை.

“அண்ணை” என்றாள் நிரஞ்சினி. “இந்தக் கைதான்… இருக்கு.”

எழுந்து நடந்தாள். மேடைக்கு ஏறும்போது முன் வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தட்டிலிருந்து இடது கை நிறைய அறுகரிசி அள்ளினாள். மருமகன் தலை குனிந்தான். மணப்பெண்ணும் குனிந்தாள். முதல் பிடி பாதி நிலத்தில் கொட்டிவிட்டது. ஐயர் போதும் என்பதுபோல் கையைக் காட்டினார்.

நிரஞ்சினி இன்னொரு பிடி அள்ளினாள்.